விராலுக்கு ஊற்றிய தண்ணீர்

மீன் தண்ணீரில் மூச்சுமுட்டிச் சாகும் என்றால் கம்பெனியில் என் லைனில் வேலை பார்க்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து வரும் அலுப்பில் நானும் விளக்குவதில்லை. நான் ஒன்றைச் சாகடித்திருக்கிறேன்.

அப்போது நான்காம் வகுப்பு. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் காண்ட்ராக்ட் வேலையில் இருந்த அப்பாவுக்குப் பிரஸ் மெஷினில் இரண்டு விரல் நசுங்கி, மூன்று வாரமாக வீட்டில் இருந்தார். எனக்குக் கொண்டாட்டம். தூங்கும்போது மட்டுமே பார்த்த மனிதர், இடது கையால் எனக்குச் சடை பின்னப் பார்த்தார். அம்மாதான் அவள் கம்பெனியில் ஓ.டி. பார்த்துக் கால் வீங்கி வருவாள். திங்கட்கிழமை வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று காண்ட்ராக்டர் போனில் சொன்னது எனக்கும் கேட்டது. வேறு ஆள் வந்தால் அப்பாவுக்கு ஓய்வுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மாமா, அம்மாவின் தம்பி, ஏரியில் பிடித்த விரால் ஒன்றை உயிரோடு கொண்டுவந்தார். முழங்கை நீளம். தலை அச்சு அசல் பாம்பு. முதுகு நெடுக ஒரே துடுப்பு, வாய்க்குள் ஊசி ஊசியாகப் பல். தவளையை முழுசாக விழுங்குமாம்.

"கொழம்பு வெச்சிக் குடுக்கா, புண்ணு சட்டுனு ஆறிடும். நாளிக்கி வரிக்கும் உயிரோட தாங்கும்" என்றார். சனிக்கிழமை எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. பெருமாள் புண்ணியத்தில் மீனுக்கு ஒரு நாள் ஆயுள் கூடியது. அதை நான் குறைத்தேன்.

வாளியில் ஒரு சாண் தண்ணீரில் அதை விட்டு, தட்டால் மூடிவிட்டு அம்மா வேலைக்குப் போனாள். அப்பா மாத்திரை போட்டுத் தூங்கினார். தட்டை விலக்கி விலக்கிப் பார்த்தேன். மீன் அடிக்கடி மேலே வந்து, வாயைப் பிளந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கியது. மீன் தண்ணீருக்குள்ளேயே செவுளால் மூச்சுவிடும் என்று எழுதி, டீச்சரிடம் முழு மார்க் வாங்கியவள் நான். பாவம், தண்ணீர் போதவில்லை என்று முடிவுகட்டி, விளிம்புவரை ஊற்றினேன். துள்ளிவிடக் கூடாதே என்று தட்டை அழுத்தி மூடி, மேலே செங்கல்லும் வைத்தேன்.

சாயந்திரம் அம்மா திறந்தபோது மீன் வயிற்றைக் காட்டிக் கிடந்தது. எப்போது செத்ததோ தெரியாத மீனைப் புண்ணுக்காரருக்கு ஆக்கிப்போட அவளுக்கு மனசு வரவில்லை.

"இன்னாடி பண்ண?"

"தண்ணி ஊத்தனேம்மா."

அடி விழும் என்று நின்றேன். அம்மா யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "விராலு மேல வந்து மூச்சு வாங்கணும்டி" என்று மட்டும் சொன்னாள். திட்டக்கூட அவளிடம் தெம்பில்லை.

"வுடு, கொழந்த இன்னா கண்டுச்சு? எனுக்குதான் ஆறிப்போச்சே" என்றார் அப்பா.

திங்கட்கிழமை காலை அவர் பெரிய கட்டைப் பிரித்துவிட்டுச் சின்னதாகக் கட்டிக்கொண்டார். அதன்மேல் கையுறையை இழுத்து மாட்டும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். கம்பெனி பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

அவர் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் விரால் சாப்பிடாமலே புண் ஆறிவிட்டது, என்னால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன்.