எரியாத முதல் விளக்கு

இரண்டு வருடத்துக்கு முன்பு, மழை ஓய்ந்த மார்கழியில், பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள எங்கள் குப்பத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது எழுபத்தொரு வயது.

ஏரியில் இறால் நன்றாக விழும் இடம் ஒன்றுதான் எங்களுக்கு. பன்னிரண்டு படகுகளும் நாளுக்கு ஒன்றாக முறை வைத்து அங்கே வலை கட்டும். அந்த முறையைப் பாடு என்பார்கள். நான் ஓய்வு பெற்ற குமாஸ்தா, எதையும் எண்ணிக்கொண்டே இருப்பவன். அதனால் "நாளைக்கு யார் பாடு?" என்று தினமும் என்னிடம் வந்து நிற்பார்கள். அலுத்துப்போய், கைபேசியில் பாடம் பார்த்து, மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சில்லு ஒன்றும் பன்னிரண்டு விளக்குகளும் வைத்துப் பலகை செய்து ஏலக் கொட்டகையில் மாட்டினேன். மாலையில் எந்தப் படகின் விளக்கு எரிகிறதோ, மறுநாள் அதற்குப் பாடு.

விளக்குகளை ‘அரே’யில் அடுக்கியிருந்தேன். ஒரே பெயரில் வரிசையாக நிற்கும் அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை நாளுக்கு ஓர் அறையாக நகரும்படி நிரல் எழுதினேன். முதல் மாலை இரண்டாம் விளக்கு எரிந்தது. மறுநாள் இரண்டாம் படகின் முறைதான். ஒன்றாவது அல்லவா முதலில் எரிய வேண்டும் என்று யோசிக்கவில்லை. சரியாக இருக்கிறதே, போதும் என்றிருந்தது.

பதினோரு மாலை சரியாகப் போயின. பன்னிரண்டாம் மாலை ஒரு விளக்கும் எரியவில்லை. ஒயர் விட்டிருக்கும், பிறகு பார்க்கலாம் என்று படுத்துவிட்டேன். மறுநாள் மாலை இரண்டாம் விளக்கு எரிந்ததும் தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் முதல் படகுக்காரரின் மனைவி கொட்டகைக்கு வந்தாள். கணவர் கால் முறிந்து கிடந்தார். பன்னிரண்டு நாளுக்கு அந்த ஒரு பாடுதான் அவர்கள் அடுப்பு எரிய வழி.

"எங்க பாடு இன்னா ஆச்சு நைனா? லைட்டு எரியலன்னு என் தம்பி வலையே எடுக்கல."

"நேத்து யாருக்குமே எரியலியேம்மா, நான் இன்னா பண்றது?" என்று சிடுசிடுத்தேன்.

அவள் பலகைக்கு அருகில் போனாள். மீன் எண்ணும்போது ஒன்று என்பதற்குப் பதில் லாபம் என்று தொடங்குவது வழக்கம். அப்படியே பலகையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "லாபம், ரெண்டு, மூணு... பன்னண்டு. அப்பால லாபம்தானே வரணும்? உங்க மிஷினு ரெண்டுக்குத் தாவுதே!"

வீட்டுக்குப் போய் நிரலைத் திறந்து பார்த்தேன். அரேயில் முதல் அறையின் எண் பூஜ்யம், இரண்டாவதன் எண்தான் ஒன்று. என் கணக்கு அந்த அறைக்குள் போகவே இல்லை. கடைசிப் படகு முடிந்ததும், இல்லாத பதின்மூன்றாவது அறையைத் தேடி இருட்டில் நின்றிருக்கிறது.

இரண்டு எண்களைத் திருத்த அரை நிமிடம் ஆனது. போன பாடு அப்படித் திரும்பாது. மற்றப் பதினோரு பேரும் ஆளுக்கு ஒரு நாள் தள்ளிப்போகச் சம்மதிக்க வேண்டும். முழங்கால் வலியோடு, சேற்றில், பதினோரு வீடு ஏறி இறங்கினேன்.

இரண்டாம் படகுக்காரன் வலையை ஏற்றி முடித்திருந்தான். "இன்னா பெர்சு, ரிடையர் ஆனதும் ஒண்ணு எண்றதே மறந்துபூட்ச்சா?" என்று சிரித்துக்கொண்டே வலையை இறக்கினான். ஐந்தாவது வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பதினோராவது வீட்டில் தலையாட்டல் மட்டும்தான். ஆனாலும் பதினோரு பேரும் சம்மதித்தார்கள்; திரும்பி வந்து ஒன்றாம் விளக்கை எரியவிட்டேன்.

என் பிழையைப் பதினோரு வீடுகள் ஆளுக்கொரு நாளாகச் சுமந்துகொண்டன. பலகை இப்போது சரியாகத்தான் ஓடுகிறது. இருந்தாலும் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டகை வரை நடந்துபோய், ஒன்றாம் விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வருகிறது.