மருமகளுக்குப் போன ஒத்திப் பணம்

மசான் துறைமுகத்து மீன்சந்தைக்குப் பின்னால் மேடேறும் தெருவில் ஒரு குளியலகம். மாடி ஆண்களுக்கு, கீழ்த்தளம் பெண்களுக்கு. கீழ்த்தளத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுப்பதும் சோப்பும் பாலும் விற்பதும் பத்தொன்பது வருடம் என் வேலை. உள்ளே அழுக்குத் தேய்த்துவிடும் வேலை மால்சூன் அக்காவுக்கு.

அக்காவின் பெயருக்குக் கடைசிப் பெண் என்று அர்த்தம். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்த எரிச்சலில் அவள் அப்பா வைத்தது. "எனக்கப்புறமும் ரெண்டு பொண்ணு பொறந்துச்சு. அப்பன் பேச்சை அப்பவே யாரும் கேக்கலை" என்பாள். குள்ளம். தோள் மட்டும் மூட்டை தூக்குகிறவனுடையது போல இருக்கும். வலது கையில் பச்சைச் சொரசொரப்புத் துணியை மாட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கு நின்றால் சாயங்காலம் ஏழு வரை நிற்பாள். தேய்க்கும் மேடையில் படுப்பவள் மீன்காரியா, மருத்துவர் மனைவியா என்று பார்க்கமாட்டாள். எல்லார் முதுகுக்கும் ஒரே அழுத்தம்தான்.

கணவன் ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் பாதி வாழ்க்கையைக் கழித்து, ஈரல் கெட்டுத் திரும்பிச் செத்துப்போனான். ஒரே மகன் தேகோன். விரிகுடா ஓரத்தில் ஒரு கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்தான். தொண்ணூற்று நான்காம் வருடம் பிப்ரவரியில் ஒருநாள் காலை பதினொரு மணிக்குக் கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்கினான். உள்ளே மூச்சுவிடக் காற்று இல்லை. மேலே கொண்டுவரும்போது உயிர் இல்லை. வயது இருபத்தேழு. கல்யாணமாகிப் பதினாலு மாதம்; குழந்தை இல்லை.

பட்டறையிலிருந்து கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் நஷ்டஈட்டுப் பண உறையோடு வந்தார்கள். பையன் அவசரப்பட்டு இறங்கிவிட்டான், அவன் கவனக்குறைவுதான் என்றார்கள். அப்போது மருமகள் உன்சில் தலை நிமிர்ந்தாள். அதே பட்டறையின் சாமான் கிடங்கில் எழுத்தராக இருந்தவள் அவள்.

"இறங்குறதுக்கு முன்னாடி காத்தை யார் அளந்தாங்க?" என்று கேட்டாள்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அளக்குற கருவி கிடங்குல இருக்கு. நான்தான் கணக்குல வச்சிருக்கேன். மூணு வருஷமா அதை யாரும் வாங்கிட்டுப் போனதில்லை."

அவர்கள் உறையை வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்தக் கேள்வி உன்சிலை விடவில்லை. அந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது, எது விஷம், எவ்வளவு இருந்தால் ஆளை இறக்கக்கூடாது, இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கும் படிப்பு கடலுக்கு அந்தப் பக்கம், ஜப்பானில் கியூஷூவில் இருப்பதாக விசாரித்து வந்தாள். சொல்லிவிட்டு மாமியார் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"போ" என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

அக்காவின் கணவனுக்கு அண்ணன் பியோங்கு மறுநாளே வந்துவிட்டார். வந்த பணத்தை வம்சத்துக்கென்று வைக்கவேண்டும், தன் மூத்த பேரனைத் தேகோனுக்குச் சுவீகாரம் கொடுத்தால் திதி செய்ய ஆள் இருக்கும் என்பது அவர் திட்டம்.

"மூத்தவரே, செத்தவனுக்குச் சோறு வைக்க எனக்குக் கை இருக்கு. உங்க பேரனை நீங்களே வளத்துக்கோங்க" என்றாள் அக்கா.

உன்சில் போனாள். ஒரு வருடம் பாஷை கற்றாள், பிறகு கல்லூரியில் சேர்ந்தாள். உறையில் வந்த பணம் முதல் இரண்டு வருடத்துக்குப் போதுமானதாக இருந்தது. அதன்பின் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, கை விரல்கள் ஊறிச் சுருங்கிக் கிடக்க, அக்கா வங்கிக்குப் போய் வருவாள். அங்கே உன்சில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டு படித்தாள். இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிதான் தொண்ணூற்றேழு கடைசியில் குடை சாய்ந்தது.

அந்தக் குளிர்காலத்தை எங்கள் நாட்டில் யாரும் மறக்கமாட்டார்கள். அரசாங்கத்திடமே டாலர் இல்லை என்றார்கள். நம் பணத்துக்கு மதிப்புப் போய், ஜப்பான் பணத்தின் விலை இரண்டு மாதத்தில் ஏறக்குறைய இரட்டிப்பானது. வேலை போனவர்களின் மனைவிகள் குளிக்க வந்தார்கள்; தேய்க்கக் காசு கொடுக்க முடியாமல் ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துக்கொண்டார்கள். தைமாதக் குளிரில் மக்கள் வரிசையில் நின்று மோதிரத்தைக் கழற்றி நாட்டின் டாலர் கடனை அடைக்கக் கொடுத்தார்கள். வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புவது துரோகம் என்கிற மாதிரி பேச்சு எங்கும் கிளம்பியது.

எங்கள் வட்டார மாதர் சங்கத் தலைவி பாங் அம்மா. தங்கம் திரட்டுவதில் முதல் ஆள். ஒருநாள் மேடையில் மல்லாந்து கிடந்தபடி, குளிக்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி ஆரம்பித்தாள்.

"ஏன் மால்சூன், தேசமே மோதிரத்தைக் கழட்டிக் கொடுக்குது. நீ மட்டும் மாசாமாசம் கொண்டுபோய் ஜப்பான்ல கொட்டுற. உறுத்தலை உனக்கு?"

"கையத் தூக்குங்க" என்றாள் அக்கா.

பாங் அம்மா கையைத் தூக்கினாள். அக்கா அக்குளில் ஆரம்பித்து இடுப்புவரை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"நான் எவன்கிட்டயும் டாலர் கடன் வாங்கலை, பாங்கம்மா. என் பையன் கப்பல் கட்டினான். அதை வித்து வந்த டாலரை யார் தின்னாங்கன்னு எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கை என் மருமக தலையில கட்டாதீங்க."

"மருமகளாம்! பெத்த மகளா அவ? சின்ன வயசு, பாக்கவும் லட்சணம். கடல் தாண்டினவ அங்கயே எவனையாவது கட்டிக்கிட்டா என்ன பண்ணுவ?"

"கல்யாணச் சாப்பாடு சாப்பிடுவேன். திரும்பிப் படுங்க."

"அப்ப போட்ட காசு?"

"எவனைக் கட்டுனா என்ன, படிச்சது மண்டையில இருந்து கழண்டு விழுந்திடுமா?"

"ஐயோ மெல்ல! தோல் உரியுது!"

"தோல் இல்லை, அழுக்கு. ரொம்ப நாளா சேத்து வச்சிருக்கீங்க."

வெந்நீர்த் தொட்டிக்குள்ளிருந்து சிரிப்பு வெடித்தது. நானும் சீட்டு மேசைக்கு அடியில் குனிந்து சிரித்தேன். ஆனால் பாங் அம்மா அதோடு விடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து சங்கத்துப் பெண்கள் முப்பது பேரும் பாலத்தடியில் இருக்கும் இன்னொரு குளியலகத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். அக்காவின் வரும்படி பாதியானது. அனுப்பவேண்டிய தொகையோ இரட்டிப்பு.

ஒருநாள் அக்கா என்னிடம் வந்து, "கொதிகலன் அறைக்குப் பக்கத்துல இருக்கிற சாமான் அறையைக் காலி பண்ணித் தருவியா? நான் இங்க குடி வரேன்" என்றாள்.

அவள் குடியிருந்தது ஒத்திக்கு. மாத வாடகை கிடையாது. பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துக் குடியேறினால், காலி செய்யும்போது அப்படியே திரும்பி வரும். அக்காவின் முப்பது வருட முதுகு வலி அந்தத் தொகைக்குள்தான் இருந்தது. ஆனால் அந்த வருடம் எந்த வீட்டுக்காரன் கையிலும் காசு இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் பணம் என்று கையை விரித்தார்.

மறுநாள் காலை அக்கா தன் பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துக்கொண்டுபோய் அவர் கடை வாசலில் போட்டு உட்கார்ந்தாள். கத்தவில்லை, அழவில்லை. கருவாடு வாங்க வருகிறவர்களிடம் மட்டும், "நல்ல நெத்திலிதான், வாங்குங்க. இவர் காசு வாங்குவாரு, திருப்பித்தான் தரமாட்டாரு" என்று இதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் அவர் போலீசைக் கூப்பிடப் போவதாக மிரட்டினார். "கூப்பிடுங்க, அவங்க வீட்டுப் பொம்பளைங்க முதுகெல்லாம் எனக்கு அத்துப்படி" என்றாள். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் மைத்துனனிடம் புரட்டி, முழுத்தொகையையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

அன்றே வங்கிக்கு நானும் கூடப் போனேன். சாளரத்தில் இருந்த பெண் தாள்களைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, சொந்தப் பிள்ளைங்களையே திரும்ப வரச் சொல்லிடறாங்க. உங்களுக்கு மருமகதானே? மகனும் இல்லை. இந்த விலைக்கு அனுப்பணுமா, யோசிச்சுப் பாருங்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"யோசிச்சுதாம்மா முக்காலி போட்டு உக்காந்தேன்" என்றாள் அக்கா. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. முத்திரை குத்தினாள்.

பணம் அங்கே போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் என் மேசைத் தொலைபேசி அடித்தது. உன்சில். அக்கா ஈரக்கையோடு வந்து வாங்கினாள். எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, இவ்வளவு பணம் ஏது? இங்க பாதிப்பேர் மூட்டை கட்டிட்டாங்க. நானும் வந்துடறேன்."

"எங்க வருவே?"

"வீட்டுக்குத்தான்."

"வீடு எங்க இருக்கு? ஒத்தியைக் காலி பண்ணியாச்சு. நான் கொதிகலன் பக்கத்துல படுத்திருக்கேன். ஒரு ஆள்தான் படுக்கலாம்."

எதிர்முனையில் விசும்பல்.

"வெளிநாட்டு அழைப்புல அழுவுறதுக்கு நிமிஷத்துக்கு எவ்வளவுன்னு தெரியுமாடி? கருவி கிடங்குலயே கிடக்கு. படிச்சு முடிச்சுட்டு வா. வை."

வைத்தபின் அவள் உள்ளே போகவில்லை. என் மேசையில் முழங்கையை ஊன்றி நின்று, வாசல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பால் பாட்டிலைத் திறந்து வைத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

அந்த பிப்ரவரியில் தேகோனின் திதி வந்தது. வீடு இல்லை, எங்கே படைப்பது? குளியலகத்துக்கு வார விடுமுறை நாளில் உடைமாற்றும் கூடத்தில் பாயை விரித்தாள். படம், சோறு, மீன், பேரிக்காய், அரிசி மது எல்லாம் முறைப்படி வைத்தாள். நேரம் மட்டும் முறைப்படி நள்ளிரவு இல்லை; நண்பகல்.

பியோங்கு மனைவியோடு வந்து வாசலில் நின்றார். தலைக்கு மேலே 'பெண்கள்' என்று கொட்டை எழுத்துப் பலகை. சந்தைக்காரிகள் வேடிக்கை பார்க்கிறார்கள். மனிதர் முகம் நண்டு மாதிரி சிவந்துவிட்டது.

"வாங்க மூத்தவரே, இன்னைக்கு உள்ள யாரும் குளிக்கலை" என்றாள் அக்கா.

"வெட்கமா இல்லை? பொம்பளைங்க துணி அவுக்குற இடத்துல எங்க வம்சத்துப் பையனுக்குப் படையலா? அதுவும் பட்டப்பகல்ல!"

"அவன் செத்தது காலையில பதினோரு மணிக்கு. பன்னிரண்டுக்குப் பசிச்சிருக்கும்."

அவர் விரலை நீட்டினார். "எல்லாம் அந்தப் பொண்ணால வந்தது. அவ பேரை நம்ம குடும்பப் பதிவுல இருந்து எடுத்து அப்பன் வீட்டுக்கு அனுப்பு. இல்லைன்னா இனி எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதே."

"சரி, மிதிக்கலை" என்றாள் அக்கா. "உங்க வாசப்படிக்காக நான் அவளைக் கழட்டி விடமாட்டேன். அவளாக் கேட்டா அன்னைக்கே கையெழுத்துப் போடுவேன். உங்களுக்காக இல்லை."

அவர் கொண்டுவந்த பேரிக்காய் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போனார். அவர் மனைவி போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, படத்தின் முன் இரண்டு முறை தரையில் விழுந்து வணங்கினாள். ஓர்ப்படிகள் இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். பாதியில் அவள் கேட்டாள்:

"அந்தப் பொண்ணு நிசமாவே காத்தை அளக்கத்தான் படிக்குதா?"

"ஆமா."

"எங்க சின்னவன் போன மாசம்தான் பட்டறையில சேந்தான். அடித்தொட்டி வேலையாம்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "எப்ப முடியும் படிப்பு?"

"இன்னும் ரெண்டு வருஷம்."

"சீக்கிரம் படிக்கச் சொல்லு."

உன்சில் இரண்டாயிரமாவது வருட வசந்தத்தில் திரும்பினாள். முன்பைவிட மெலிந்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். பக்கத்து ஊரான சாங்வொனில் தொழிலாளர் உடல்நல நிலையம் ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் கோடையிலேயே ஒரு பட்டறையில், தொட்டிக்குள் காற்று சரியில்லை, யாரும் இறங்கக்கூடாது என்று வாய்த்துளை மேல் கருவியோடு உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி கெட்ட வார்த்தையில் திட்டியும் எழுந்திருக்கவில்லையாம். காற்றூதி வந்து நல்ல காற்றை உள்ளே அனுப்பிய பிறகுதான் ஆட்களை இறக்கினார்களாம். ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களிடம் சொன்னாள்.

"எவ்வளவு நேரம் வேலையை நிறுத்தி வச்சே?" என்று அக்கா கேட்டாள்.

"ஒன்றரை நாள்."

"உக்காந்த இடத்துல மெத்தை போட்டுக்க. இனிமே நிறைய உக்கார வேண்டியிருக்கும்."

உன்சில் சிரித்தாள். பிறகு பையிலிருந்து வங்கிச் சேமிப்புப் புத்தகத்தை எடுத்து வைத்து, "அம்மா, காசு சேத்துக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு மறுபடியும் ஒரு ஒத்தி வீடு பிடிக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு, மாமியார் மறுத்துப் பேசப்போகிறாள் என்று தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தாள். பக்கத்திலிருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"பின்னே? பிடிக்காம? நான் என்ன சாமியாரம்மாவா, கொதிகலன் பக்கத்துலயே கிடந்து வேக?" என்றாள் அக்கா. "தெக்குப் பாத்த சன்னல் வேணும். மாடிப்படி ஏற மாட்டேன். மீன் நாத்தம் வரக்கூடாது. எழுதிக்க."

உன்சில் எழுதிக்கொண்டாள். மீன் நாற்றம் வராத வீடு மசானில் கிடைக்க அவளுக்கு மூன்று வருடம் ஆயிற்று. அதுவரை ஞாயிறுதோறும் ஒரு வீட்டைப் போய்ப் பார்ப்பதும், அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு வேண்டாம் என்பதும் எங்களுக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது.