பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர்

கவிஞர் பிறந்து வளர்ந்த வீட்டில் எனக்கு வேலை கிடைத்தபோது என் மகளுக்கு மூன்று வயது முடியவில்லை. திருச்சுழி சாலையிலிருந்து விலகி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் சிறிய ஊர் அது. வீட்டை ஒரு குழு நினைவு இல்லமாகப் பராமரித்து வந்தது. சனிக்கிழமைகளில் சுற்று வட்டாரப் பிள்ளைகளை வரவழைத்துப் படிக்கவும் எழுதவும் பழக்குவது என் பொறுப்பு. மற்ற நாட்களில் அந்த ஊரிலும் பரளச்சிப் பக்கத்து ஊர்களிலும் வீடு வீடாகப் போய், பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்பேன். மகளையும் தூக்கிக்கொண்டுதான் போவேன். பிள்ளையை வெயிலில் போட்டு வதைக்கிறேனோ என்று ஒவ்வொரு முறை பஸ் ஏறும்போதும் தோன்றும்.

முதலில் யாரும் அனுப்பவில்லை. பெரியவர் வாழ்ந்த வீடு, நம் பிள்ளைகள் எதையாவது உடைத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று பயந்தார்கள். அது உங்கள் வீடு மாதிரி என்று எல்லா வாசலிலும் சொன்னேன். அதை நம்பி முதலில் தன் பிள்ளைகள் இருவரையும் கூட்டி வந்தவர், அதே ஊரில் அடுத்த தெருவில் இருந்த ஒரு அக்கா. அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். வகுப்பு முடியும்வரை தாய்மார்கள் முற்றத்து வேம்படியில் உட்கார்ந்திருப்பார்கள்.

உள்ளறையில் ஒரு சுவர் இருந்தது. கவிஞர் சிறுபிள்ளையாக அடுப்புக்கரியால் எழுதிப் பழகிய எழுத்துகள் அதில் இருந்தன. போகப்போகக் கீழே சரிந்துவிடும் வரிசை. அதற்கடியில் ஒரு ஆடு. அதற்குக் கால்கள் ஐந்து. ஒவ்வொரு வகுப்பையும் அந்தச் சுவருக்கு முன்னால்தான் முடிப்பேன். அந்த ஆட்டைப் பார்த்துச் சிரித்த பிறகு, எனக்கு எழுத வராது என்று அழுத பிள்ளைகூடப் பென்சிலை எடுத்துவிடும்.

அந்த மார்கழிக் கடைசியில் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. சாவியை அந்த அக்காவிடம் கொடுத்தேன். "பிள்ளையப் பாரு தாயி. வீட்ட நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

பொங்கல் கழித்துப் போனபோது வீடு தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. கூரையோரத்து இறவாணத்தில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் செருகியிருந்தார்கள். தாய்மார்கள் வாசலில் நின்றிருந்தார்கள். தங்கள் வீடுகளுக்கு அடித்ததுபோலவே, சுண்ணாம்பில் நீலம் கலந்து வெளியிலும் உள்ளேயும் ஒரு மூலை விடாமல் அடித்திருந்தார்கள். பொங்கலுக்கு ஒரு வீடு பழைய சுவரோடு நிற்கலாமா? உள்ளறைக்குப் போனேன். சுவர் வெள்ளையாக இருந்தது.

என் வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்காக அவர்கள் பின்னால் காத்திருந்தார்கள். நல்லா இருக்குக்கா என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

குழுவின் செயலாளருக்கு அன்றே தகவல் சொன்னேன். மதுரையிலிருந்து வந்தார். அவர் கத்தவில்லை. சுவரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, விவரம் தெரிந்த ஆளை வைத்துச் சுண்ணாம்பை மெல்ல மெல்லச் சுரண்ட வேண்டும், கரி தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார். அதுவரை அறையைப் பூட்டிவைக்கச் சொன்னார். இது உங்கள் வீடு மாதிரி என்று அவர்களிடம் நான்தான் சொல்லியிருந்தேன் என்றேன். அப்படியானால் சுவரைப் பற்றியும் சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லித்தான் இருந்தேன், வாராவாரம், பிள்ளைகளிடம். வேம்படியில் உட்கார்ந்திருந்தவர்களை நான் ஒரு நாளும் உள்ளே கூப்பிட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை, அறை ஏன் பூட்டியிருக்கிறது என்று அந்த அக்கா கேட்டார். மறைக்க மனம் வரவில்லை. சொன்னேன். பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அழுக்குன்னுல்ல நெனச்சோம்" என்றார். "எங்க வீட்டுலயும் பிள்ளைக கிறுக்குறதத்தான் வருசா வருசம் அடிச்சு மறைக்கோம். அவுக எழுதுனதுன்னு எங்களுக்கு என்ன தெரியும்."

பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வகுப்பு தொடங்குமுன்பே போய்விட்டார்.

அதன் பிறகு அந்த ஊரிலிருந்து யாரும் வரவில்லை. வீடுகளுக்குப் போனால் பருத்தி எடுக்கப் போகணும், ஆட்டைப் பத்தணும் என்று முகம் பார்க்காமல் சொன்னார்கள். பரளச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் மட்டும் வந்தார்கள். சொந்த ஊர்ப் பிள்ளைகளே வராத வகுப்பு எதற்கு, அடுத்த தை வரை பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம் என்றது குழு. உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் பிள்ளைகளாவது மிஞ்சியிருப்பார்களே என்று மகளைத் தூங்கவைக்கும்போதெல்லாம் நினைப்பேன். சொன்னதுதான் சரி என்று மறுநாள் காலையில் தோன்றும்.

மறுபடி மார்கழி முடியும் சமயம், கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று மகளுடன் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். சுண்ணாம்பு வாளியும் வெள்ளையடிக்கும் மட்டையுமாக நின்றிருந்தார். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சுவர் முழுக்க அடித்தாகிவிட்டது. அம்மிக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் மட்டும் ஒரு திட்டு பழைய நிறத்தில் இருந்தது. அதில் கரியால் போட்ட ஒரு பஸ். மகள் அதைத் தொடப் போனாள்.

"தொடாத தாயி, அழிஞ்சிரும்" என்றவர், என்னைப் பார்க்காமலே சொன்னார்: "சின்னவன் போட்டது. டிரைவரு பஸ்ஸு மேல உக்காந்துருக்காரு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

சனிக்கிழமை அனுப்புவீர்களா என்று கேட்டேன். மட்டையை வாளியில் முக்கினார்.

"அந்த ரூமத் தொறந்துட்டாகளா?"

"இல்லக்கா. இன்னும் சுரண்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. எழுத்து எதுவும் வரல. ஆட்டோட கால் ஒண்ணு தெரியுது."

"எந்தக் காலு?"

"தெரியலக்கா."

அந்தத் திட்டின் ஓரத்தில் சுண்ணாம்பு வழிந்துவிடாமல் கையால் அணைத்தபடி கொஞ்ச நேரம் அடித்தார்.

"நானே கூட்டிட்டு வாரேன்" என்றார். "அத நான் பாக்கணும்."

அந்தச் சனிக்கிழமை அறையைச் சற்று நேரம் திறந்துவைக்கச் செயலாளரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். பிள்ளைகளை வேம்படியில் உட்காரவைத்துவிட்டு, முதலில் அந்த அக்காவையும் மற்றத் தாய்மார்களையும் உள்ளே கூப்பிட்டேன்.