முந்திரிப் பழ அம்பு

எங்கள் ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரிக்கொட்டை என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, தோப்பில் காய்ப்பது. இன்னொன்று, நான். பழத்துக்குள் அடங்காமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால், எதற்கெடுத்தாலும் முந்திக்கொள்கிறவர்களுக்கு அந்தப் பெயர். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் எனக்கு வைத்தது. அவரும் அதை மாற்றவில்லை, நானும் மாறவில்லை.

அவர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டது. பெரம்பலூரில் கண் டாக்டர், "இனிமே வண்டிய தொடாதீங்க. இருக்கற பார்வைய காப்பாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, எதிரே போகிற வண்டி ஒவ்வொன்றையும் சத்தத்தை வைத்தே இன்ன வண்டி என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் உம் கொட்டினேன்.

அதற்கப்புறம் வீட்டில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். டீ கொடுத்தால் குடிப்பார், கூப்பிட்டால் திரும்புவார். மனுஷர் இப்படியே கரைந்து போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என்னுடைய ஜெராக்ஸ் கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. "வாட்ஸ்அப்ல வர்றத நான் எறக்கி வைக்கறேங்க. நீங்க தொறந்து பிரிண்ட் போடுங்க, போதும்" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

எழுத்தையெல்லாம் பெரிதாக்கி வைத்தேன். படித்தார். ஆனால் மவுஸை நகர்த்தினால் திரையில் ஓடுகிற அந்த அம்பு மட்டும் அவர் கண்ணுக்கு அகப்படவே இல்லை.

"எங்க புள்ள போச்சு அது?"

"உங்க மூக்குக்கு நேராதாங்க நிக்குது."

"மூக்கு தெரியுது. அம்பு தெரியல."

கம்ப்யூட்டரிலேயே இருந்த பெரிய அம்புகளைப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைத் திரையில் வெள்ளை அம்பு தொலைந்தது, கறுப்பு எழுத்துக்கு நடுவே கறுப்பு அம்பு தொலைந்தது. மஞ்சள் என்றால் அவருக்குப் பளிச்சென்று தெரியும். சரி, மஞ்சளில் நாமே ஒன்று செய்துவிடுவோம் என்று இறங்கினேன்.

அம்புப் படத்துக்கென்று தனி வகை ஃபைல் இருக்கிறது, பெயர் 'கர்' (cur) என்று முடியும். நெட்டிலிருந்து ஒன்றை இறக்கி, போட்டோ பார்க்கிற சாஃப்ட்வேரில் திறந்தேன். முடியாது என்றது. நோட்பேடில் திறந்தேன். கட்டங்களும் கிறுக்கல்களுமாகக் கொட்டியது. பெயின்ட்டில் நானே ஒரு படம் வரைந்து, ஃபைல் பெயரின் வாலை மட்டும் 'கர்' என்று மாற்றினேன். பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா? கம்ப்யூட்டர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடைசியில் இதற்கென்றே இலவசமாக ஒரு குட்டி சாஃப்ட்வேர் கிடைத்தது. கட்டம் கட்டமாக நிறம் நிரப்பினால் அம்பு தயார்.

என்ன வரைவது? முந்திரிப் பழம்தான் வரைந்தேன். கொழுத்த மஞ்சள் பழம், மேலே காம்பு, கீழே கொட்டை. பார்த்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாகியிருந்தது!

"கடைக்குள்ள ஒரு முந்திரிக்கொட்டை பத்தலன்னு இதுல வேறயா?" என்றார்.

கொட்டையை வைத்து அமுக்குங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். முதல் சில நாள் தடுமாறினார், பிறகு கை ஓடியது. மழைக்காலம் முழுக்க ஆதாரும் பட்டாவுமாகப் பிரிண்ட் போட்டுத் தள்ளினார். கடைக்கு வருகிறவர்களிடம் பாடாலூர் ரோட்டு டீக்கடைக் கதையெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார். என் மனசு ஆறியது.

ஒருநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் நான் அந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். கொட்டையை ஒரு ஃபைல் மேல் வைத்து அமுக்கினால் அதற்கு மேலே இருக்கிற ஃபைல் திறக்கிறது. அம்பு வரைந்த சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. படத்தில் எந்த இடம் அமுக்குகிற இடம் என்று நாம் காட்ட வேண்டுமாம். காட்டாமல் விட்டால் அதுவாக மேல் மூலையை, காம்புப் பக்கத்தை, எடுத்துக்கொள்ளும். என் அவசரத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை. உடனே கொட்டைக்கு மாற்றிவைத்தேன். இதையெல்லாம் அவரிடம் போய்ச் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பக்கத்துத் தெரு அக்கா, தன் மகளின் ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க வந்தார். என் வீட்டுக்காரர் பிரிண்ட் போட்டார், பிரிண்டரிலிருந்து யாருடைய பட்டாவோ வந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் பட்டா. அக்காவுக்கு நானே எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். திரும்பிப் பார்த்தால், அவர் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் போயிடுச்சு புள்ள" என்றார்.

"என்னங்க போயிடுச்சு?"

"கண்ணுதான். நீ வரைஞ்சு குடுத்தப்பவே எனக்கு ஒரு எடம் தள்ளித்தான் தெரிஞ்சுது. கொட்டைய வச்சா மேல இருக்கறது தொறக்கும். சொன்னா பயந்துடுவியேன்னு, காம்ப வச்சு வச்சு அமுக்கிப் பழகிட்டேன். இன்னிக்கு அதுவும் மாறிப்போச்சு."

பிழை என்னுடையது. அதைத் தன் கண்மேல் போட்டுக்கொண்டு, நான் கலங்கக்கூடாதென்று, இத்தனை மாதம் இந்த மனுஷர் மூச்சுக் காட்டாமல் பட்டா அடித்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதுகொண்டே, மூலை, காம்பு, கொட்டை என்று தலையும் வாலும் இல்லாமல் உளறினேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"அப்ப அன்னிக்குத் தள்ளித் தெரிஞ்சது என் கண்ணு இல்லையா?"

"இல்லைங்க. நான்தான்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் நான்தாங்க."

அவர் மவுஸைத் தேடிப் பிடித்தார்.

"பழையபடியே வச்சுடு புள்ள, கை பழகிடுச்சு" என்றார். "கண்ணு சரியாத்தான் இருந்திருக்கு, பாரேன்."