ஒயர் நுனியில் இருந்த மூடி

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. காலால் மிதித்து ஓட்டும் அச்செந்திரம் ஒன்றை வைத்துக் காரைக்குடியில் அச்சாபீஸ் ஆரம்பித்தேன். நாலு மாசம் தாங்க மாட்டான் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையே நான்தான் அடித்தேன். பழைய செட்டிமார் வீடு ஒன்றின் பின்கட்டை வாங்கினேன். ஆஃப்செட் எந்திரம் கதவில் நுழையவில்லை. கூரை ஓட்டைப் பிரித்து இறக்கினேன். இத்தனையும் செய்த நான்தான் ஒரு விஜயதசமியன்று தெருமுனைக் குப்பையைக் கிளறினேன். எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. மருமகள் கல்லல் ஊர்க்காரி, கம்ப்யூட்டர் படித்தவள். அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த கம்ப்யூட்டரை உள்ளறையில் வைத்து, முன்னறையில் இருந்த இரண்டு கம்ப்யூட்டரையும் அதோடு கறுப்பு ஒயரால் இணைத்தாள். "வேலையெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கட்டும் மாமா. எங்க உக்காந்தாலும் எடுத்துக்கலாம். பிளாப்பியத் தூக்கிக்கிட்டு அலைய வேணாம்" என்றாள். அன்றிலிருந்து எல்லாப் பத்திரிகையும் அந்தப் பெட்டியில் மட்டும்தான்.

ஆயுத பூசையன்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தேன். சுவரோரம் அந்த ஒயரின் கடைசி நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் பேனா மூடியில் பாதியளவு ஓர் இரும்பு மூடி. பூச்சரம் சுற்ற இடைஞ்சலாக இருந்ததால், திருகிக் கழற்றிப் பூசை இலையில் வைத்தேன். பூசைக்கு வைத்த சாமானை மறுநாள்வரை தொடமாட்டோம். எனவே அன்று கோளாறு எதுவும் தெரியவில்லை.

விஜயதசமி காலையில் சம்பந்தி பழத்தட்டோடு வந்திருந்தார். மகள் கல்யாணப் பத்திரிகையைப் பார்க்கத் தேவகோட்டைக்காரர் ஒருவர் காத்திருந்தார். மருமகள் முன்னறைக் கம்ப்யூட்டரைப் போட்டாள். உள்ளறைப் பெட்டி திரையில் தெரியவில்லை. அணைத்துப் போட்டாள், அப்போதும் இல்லை.

"முகூர்த்தம் நெருங்குதுங்க. எல்லாம் போச்சா?" என்றார் தேவகோட்டைக்காரர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சம்பந்தி பக்கம் திரும்பினேன். "ஒங்க மக பேச்சக் கேட்டு எல்லாத்தையும் நீங்க குடுத்த பெட்டியில கொட்டுனேன். சீராத் தந்ததப் பாத்துத் தந்திருக்கக் கூடாதா?"

அவர் பழத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் முகம் சிவந்துபோனது. விறுவிறுவென்று உள்ளே போனாள். அந்தப் பெட்டியிலேயே திரையை மாட்டித் திறந்தாள்.

"எல்லாம் பத்திரமா இருக்கு. பெட்டி நல்லாத்தான் இருக்கு. கோளாறு ஒயர்ல" என்று குரல் கொடுத்தாள்.

பிறகு ஒயரைத் தடவிக்கொண்டே அறை அறையாக வந்தாள். பூச்சரத்தருகே நின்றாள்.

"மாமா, இந்த நுனியில ஒரு மூடி இருந்துச்சே?"

"அதுவா? பூ சுத்த எடஞ்சலா இருந்துச்சுன்னு கழட்டுனேன்."

"ரெண்டு நுனியிலயும் மூடி இருந்தாத்தான் ஒயரே வேல செய்யும். எங்குட்டு வச்சீக?"

"பூச எலையில."

இலையும் பூவும் உடைத்த பூசணிக்காயோடு காலையிலேயே தெருமுனைக்குப் போயிருந்தன. அச்செந்திரம் ஓட்டும் ஆள் அதை எடுத்துவரக் கிளம்பினான். "நில்லுடா" என்று நானே போனேன். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினேன். குங்குமம் கலந்த பூசணிச் சதைக்குள் கையை விட்டேன். சைக்கிளில் போன ஒருவர், "என்ன மொதலாளி, மோதரம் விழுந்துருச்சா?" என்றார். நான் இன்னும் ஆழமாகக் கிளறினேன். பின்னால் சம்பந்தி வந்து நிற்பது தெரிந்தது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வாடிய செவ்வந்திக்கு அடியில் மூடி கிடைத்தது. துடைத்து மருமகள் கையில் கொடுத்தேன். அவள் திருகினாள்; பெட்டி வந்துவிட்டது, பத்திரிகையும் வந்துவிட்டது. தேவகோட்டைக்காரர் திரையில் தன் மகள் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"சம்பந்தி, வாய் தவறிருச்சு. பொறுத்துக்கிருங்க" என்றேன். எல்லார் முன்னாலும்தான் சொன்னேன்.

"இருக்கட்டும். மொதல்ல கையக் கழுவுங்க, எறும்பு ஏறுது" என்றார் அவர்.

இப்போது எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் இந்தக் கதை சொல்லாமல் பந்தி முடிவதில்லை. மூடியைக் கழற்றியது நான் என்கிறார்கள், சிரிக்கிறார்கள். உண்மைதான், சொல்லுங்கள். ஆனால் தெருவே பார்க்கக் குப்பைக்குள் கைவிட்டு அதை எடுத்து வந்தவன் யார்? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டுச் சொன்னால் அது பாதிக் கதை; நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.