வெயில் பார்த்த மண்

அக்கா அதைச் சொன்னபோது என் வாயில் பாதி மக்ரூன் இருந்தது, மீதிப் பாதி கையில். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்ந்த அந்தத் தூத்துக்குடிப் பண்டம் நாக்கில் பட்டதும் கரைந்துவிடும். அன்று கரையவில்லை.

"நீ காய்ச்சல்னு ஊருக்குப் போன அன்னிக்கு ஒரு மழ பெஞ்சுதுல்லா? உன் ரூமு ஒழுகிருச்சுளா. மூலையில குழாய்க்கட்டு வச்சிருந்தேல்லா, அது மேலயே சொட்டிருக்கு. தொறந்து பாத்தா மண்ணு சொதசொதன்னு கெடக்கு. பிள்ள கஷ்டப்பட்டுத் தோண்டிட்டு வந்தது பூசணம் பிடிச்சுருமேன்னு மாடில பேப்பர விரிச்சு காயப் போட்டேன். ரெண்டு நாளும் நல்ல வெயிலு. காஞ்சதும் எந்தக் குழாயில இருந்துச்சோ அந்தக் குழாயிலயே அள்ளிப் போட்டு, ஒட்டி வச்சிட்டேன். ஒண்ணுக்கொண்ணு கலக்கவே இல்ல. நீ நம்பர் எழுதியிருந்தேல்லா."

பெருமையாகத்தான் சொன்னாள். அறையைக் காலி செய்ய வந்தவளிடம், தான் செய்த உபகாரங்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள். அக்கா என்றால் உடன்பிறந்தவள் இல்லை. நான் வாடகைக்கு இருந்த மாடி அறையின் சொந்தக்காரி. தெருமுனையில் அவளுக்குக் கருவாட்டுக் கடை. மொட்டை மாடியில் நெத்திலியோ சாளையோ காயாத நாள் குறைவு. ஈரமாக எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது. என் நோட்டுப் புத்தகத்தைக் காயப் போட்டிருக்கிறாள். ஒருமுறை என் செருப்பைக் கழுவி, சாளைக்குப் பக்கத்திலேயே காயப் போட்டாள்.

நான் என்ன படித்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு கூடை மண் காய்ந்ததற்கு இவள் ஏன் இப்படிக் குதிக்கிறாள் என்று தோன்றும். மணல் துகள் ஒன்று மண்ணுக்கடியில் புதைந்து இருட்டில் அடைபட்ட நாளிலிருந்து, சுற்றியிருக்கும் மண்ணில் இயல்பாகவே உள்ள கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினால், சேர்த்ததை எல்லாம் ஒரு மினுக்காகக் கொட்டிவிடும். எவ்வளவு மினுக்குகிறதோ அவ்வளவு காலம் புதைந்து கிடந்தது என்று அர்த்தம். தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணிக்கு அப்பால் ஒரு தரிசு நிலத்தில், சிப்பி கலந்த மண்ணுக்கு இப்படி வயது பார்த்து, கடல் அங்கிருந்து எப்போது விலகிப் போனது என்று சொல்வதுதான் என் ஆராய்ச்சி. இதில் தப்பவே கூடாத விதி ஒன்று உண்டு. எடுத்த மண் வெயிலைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சேர்த்ததெல்லாம் அழிந்து வயது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

அதற்காக நான் பட்டபாடு கொஞ்சமில்லை. பட்டப்பகலில் கறுப்புப் போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, வியர்வை கண்ணுக்குள் இறங்க, குழியின் சுவரில் மேலிருந்து கீழாக ஐந்து இரும்புக் குழாய்களைச் சுத்தியலால் அடித்து இறக்கினேன். வெளியே உருவி, இரண்டு முனைகளையும் மூடி, கறுப்புப் பாலிதீனில் சுற்றி ஒட்டினேன். கட்டைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது அக்கா வழிமறித்து, "என்னளா இது, குண்டு எதும் வச்சிருக்கியா?" என்று கேட்டாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. நின்று விளக்கத் தெம்பில்லை.

"வெறும் மண்ணுதாங்க்கா" என்றேன்.

மறுநாள் ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய்ப் பத்து நாள் படுத்துவிட்டேன். திரும்பி வந்து கட்டை எடுத்தபோது ஒட்டியிருந்த டேப் பழுப்பு நிறத்தில் இருந்தது. நான் ஒட்டியது கறுப்பு என்று லேசாக ஞாபகம். காய்ச்சலில் எதையோ எடுத்து ஒட்டியிருப்பேன் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆக, அக்கா வெறும் மண்ணைத்தான் காயப் போட்டிருக்கிறாள். அவள்மேல் கோபப்பட எனக்கு ஒரு முகாந்திரமும் இல்லை. அதுவே எரிச்சலாக வந்தது. மக்ரூனை முழுதாக விழுங்கினேன். மூன்று வருஷ உழைப்பு மொட்டை மாடியில் போய்விட்டதே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தபோதுதான், அடுத்த எண்ணம் வந்தது.

அந்த மண்ணுக்கு வயது வந்திருந்ததே.

ஐந்து குழாய்களுக்கும் வந்திருந்தது. மேலே இருந்ததற்குக் குறைவு, கீழே போகப் போக அதிகம், அடிக்குழாய்க்கு மூவாயிரம் ஆண்டுகளை ஒட்டி ஓர் எண். நான்காம் அத்தியாயத்தில் அட்டவணை போட்டிருந்தேன். ஆய்வேடு பொன்னெழுத்து பைண்டிங்கில் நான்கு பிரதிகளாக ஹாஸ்டல் அறையில் தயாராக இருந்தது. வரும் திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். இரண்டு நாள் வெயிலில் காய்ந்த மண்ணுக்கு எங்கிருந்து மூவாயிரம் வந்தது?

"ஏளா, என்ன இப்படி முழிக்க? விக்கிருச்சா?" என்று அக்கா செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். பாதியைக் குடித்தேன், பாதியை மேலே கொட்டிக்கொண்டேன். பெட்டியைக்கூட எடுக்காமல் பஸ் ஏறினேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இடப் பற்றாக்குறை. ஆய்வு மாணவர்கள் ஐந்து பேரை ஒரே அறையில் அடைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் ஒரு மேசை, நிதியியல் ஒரு மேசை, இயற்பியல், மரபியல், கடைசியாக ஜன்னலோரம் நான், மண். ஒருவர் பாடம் மற்றவருக்குப் புரியாது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். முடிவு வருவதற்கு முன் என்ன வரும் என்று அவரவர் ஊகத்தைச் சுவரில் இருக்கும் பலகையில் எழுத வேண்டும். ஊகம் பலித்தால் எழுதியவர் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கித் தர வேண்டும். முத்துச்சிப்பியின் மரபணுவைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒருமுறைகூடப் பலித்ததில்லை. நான் அடிக்குழாய்க்கு நேராக 'மூவாயிரம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். முடிவு வந்த அன்று அறையே கைதட்டியது. நிதியியல்காரன் மட்டும் பப்ஸைக் கடித்துக்கொண்டே, "எங்க பாடத்துல ஊகம் இவ்வளவு சரியா வந்தா கணக்க மறுபடி பாப்போம்" என்றான். வயிற்றெரிச்சல் என்று சொல்லிச் சிரித்தேன்.

என் மண்ணை அளந்து சொன்னவர் இயற்பியல் மேசைக்காரர். எனக்கு சீனியர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மினுக்கை அளக்கும் கருவி அவர் பொறுப்பில் இருந்தது. அளந்த நாளில், "உன் மண்ணுல கருவாட்டு வாசம் வருதே" என்றார். எங்க ஊர் மண்ணு அப்படித்தான் மணக்கும் என்று கெத்தாகச் சொன்னேன். பஸ்ஸில் அது ஞாபகம் வந்தபோது முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டேன்.

நான் அறைக்குள் போனபோது அவர் மட்டும்தான் இருந்தார். நான் உட்காரவில்லை.

"அண்ணே, என் மண்ணுக்கு உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. ஒரு வருஷமாக அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல், கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"பூஜ்யம்" என்றார். "அஞ்சுக்கும் பூஜ்யம்."

அவரே தொடர்ந்தார். "உன் அஞ்சு குழாய் மண்ணையும் தட்டுல கொட்டி வச்சிட்டு சாப்பிடப் போனேன். திரும்பி வந்தா டார்க் ரூம் கதவு தொறந்து கெடந்துச்சு. தாப்பாள் போட மறந்திருக்கேன். என்னாலதான் உன் மூணு வருஷமும் போச்சுன்னு நெனச்சேன். எந்த மூஞ்சியோட உன்கிட்ட சொல்லுவேன்? பலகையில நீ எழுதுனது இருந்துச்சு. அத ஒட்டியே அஞ்சுக்கும் எண்ணு போட்டு..."

மேசையை ஓங்கி அறைந்தேன், உள்ளங்கை சிவந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டின வேகத்தில் அக்கா மண்ணைக் காயப் போட்ட கதையையும் கொட்டிவிட்டேன். அவர் முகம் மாறியது. எழுந்து நின்றார்.

"அப்போ நான் கெடுக்கலயா?" என்று கேட்டார். "கதவுனால இல்லயா?"

கண் கலங்கி, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டார். என் வாழ்க்கையில் ஒரு மனிதனை அப்படி வெறுத்ததும் இல்லை, அப்படிப் பாவம் என்று நினைத்ததும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிளம்பும்போது அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மெயில்ல ரெண்டு ஃபைல் அனுப்பியிருந்தேன். ஒண்ணு டேபிள். இன்னொண்ணு மெஷின் கொடுத்த ஒரிஜினல். அதுல கை வைக்க எனக்கு மனசு வரல. நீ தொறந்து பாப்ப, வந்து என் சட்டையப் பிடிப்பன்னு காத்திருந்தேன். நீ பப்ஸோட வந்த."

என் மேசையில் உட்கார்ந்து அந்த மெயிலைத் தேடினேன். இருந்தது. அட்டவணையை எத்தனை முறை திறந்திருப்பேன் என்று கணக்கில்லை. இரண்டாவது கோப்பைப் பதிவிறக்கவே இல்லை. அப்போதுதான் திறந்தேன். ஐந்து படங்கள், ஒவ்வொன்றிலும் மினுக்கு ஏறி இறங்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டைக் கோடு. முதலாண்டு மாணவிகூடப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். என் பெயரில் வரப்போகும் ஆய்வேட்டின் மூலத் தரவை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் மேசைமேல் இருந்த நான்கு பிரதிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எத்தன பேருக்குத் தெரியும்?" என்றார்.

முதலில் எனக்குக் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க, நான், அண்ணன், அப்புறம் எங்க கருவாட்டுக் கடை அக்கா, சார்."

"அவங்க வைவாவுக்கு வந்து கேள்வி கேக்கப் போறதில்ல" என்றார். சொன்னவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் சரி சார் என்று சொல்லியிருப்பேனோ என்று இன்றுவரை எனக்குப் பயம் இருக்கிறது. நான்கு பிரதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டேன். கனமாக இருந்தது. அவர் தடுக்கவில்லை. சாயங்காலம் கால நீட்டிப்புக் கடிதத்தில், காரணம் என்ற இடத்தில் நான் எழுதியதை ஒரு வார்த்தை மாற்றாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் அக்கா போன் பண்ணினாள்.

"பெட்டிய விட்டுட்டு ஓடிட்டியேளா. புக்கு கொடுத்துட்டியா?"

"இல்லக்கா. திரும்பவும் மண்ணு எடுக்கணும்."

பின்னால் மாடியில் காக்கையை விரட்டும் தகர டப்பாவின் ஓசை மட்டும் கேட்டது. அப்புறம் மெதுவாக, அவளிடம் நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் கேட்டாள்.

"நான் காயப் போட்டதுனாலயா?"

"இல்லக்கா" என்றேன். "நான் பாக்காததுனால."

அவளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. "அப்போ இந்தத் தடவ கீழ என் கட்டிலுக்கு அடியில வையி, மாடி இன்னும் ஒழுகத்தான் செய்யுது" என்றாள்.