சாதாரணத் திறமையுள்ள ஒருவரும் ஒரு தள்ளுவண்டியும்

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "அரசாங்க வேலை" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வேன். விவரம் சொன்னால் சிரிப்பார்கள். டேஜொன் காப்புரிமை அலுவலகத்தில் குழந்தைத் தள்ளுவண்டிகளுக்கு நான்தான் பரிசோதகன். கொரியாவில் எவராவது தள்ளுவண்டிக்குப் புதிதாக ஒரு கொக்கி, ஒரு சக்கரம், ஒரு குடை கண்டுபிடித்தேன் என்று மனுப் போட்டால், அது நிஜமாகவே புதுசா, இல்லை ஏற்கெனவே வேறெவனாவது செய்து வைத்ததா என்று உலகம் முழுக்கத் துழாவிப் பார்த்து, பெரும்பாலும் "கிடையாது" என்று எழுதி அனுப்புவது என் பிழைப்பு. பெயர் பியோ மன்-ஷிக். வயது நாற்பத்தாறு. குழந்தை இல்லை. நான் குழந்தையாக இருந்தபோதும் தள்ளுவண்டியில் ஏறியதில்லை. அம்மா என்னை முதுகில் கட்டிக்கொண்டே வளர்த்துவிட்டாள். சமைக்கத் தெரியாதவன் அடுத்தவர் சமையலுக்கு மார்க் போடுகிற கதைதான்.

வீட்டில் மனைவி ஹே-ரானும் நுருங்ஜியும் இருக்கிறார்கள். நுருங்ஜி என்றால் பானை அடியில் ஒட்டிக்கொள்ளும் காந்தல் சோறு. எங்கள் நாயின் நிறம் அதுதான் என்பதால் அந்தப் பெயர். முதுகெலும்பு தேய்ந்து பின்னங்கால் இழுக்க ஆரம்பித்த பிறகு துரை வண்டியில்தான் உலா போவார். எங்கள் குடியிருப்பில் இது சகஜம். லிஃப்ட் திறந்து தள்ளுவண்டி வந்தால் குனிந்து பார்க்காமல் "அடடா, செல்லம்!" என்று கொஞ்சிவிடக் கூடாது. பாதி நேரம் உள்ளேயிருந்து குரைப்புச் சத்தம்தான் வரும்.

அந்த வண்டியை ஹே-ரான்தான் எங்கிருந்தோ கொண்டுவந்தாள். மேலே வலை, உள்ளே மெத்தை, எல்லாம் அவளே தைத்தது. எங்கே வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை. நாள் முழுக்க ஆபீசில் துருவித் துருவிக் கேட்டுவிட்டு வருகிறவன் வீட்டிலும் துருவுவானா? சாயங்காலமானால் நாயை ஏற்றிக் காப்சோன் ஆற்றங்கரையில் தள்ளிக்கொண்டு போவேன். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம்.

இந்த நிலையில்தான் குவாக் மால்-சுன் அம்மாளின் மனு என் மேஜைக்கு வந்தது. சொனானில் தள்ளுவண்டி கழுவிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறவர். குழந்தை கொட்டின பால், கடித்துத் துப்பின பிஸ்கோத்து எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, வண்டியைப் புதுசாக்கித் தருகிற கடை. அவர் கண்டுபிடித்தது ஒரு கழற்றி மாட்டும் இருக்கைச் சட்டம். தூங்குகிற குழந்தையோடு இருக்கையை மட்டும் சக்கரச் சட்டத்திலிருந்து ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். மேலேயுள்ள கைப்பிடியை நிமிர்த்தினால்தான் பூட்டுத் திறக்கும். திறந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகத் திறக்கும். லிஃப்ட் இல்லாத வீட்டில் நாலாவது மாடிக்கு ஏறுகிற தாய்மார்களுக்கென்று செய்தது.

நல்ல சாமான்தான். ஆனால் நல்ல சாமானா என்று பார்ப்பது என் வேலை இல்லையே! தேடு தேடென்று தேடினேன். குழந்தை வண்டிகளில் இதற்கு ஈடாக ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு மானம் போனது மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் ஆற்றங்கரையில் நுருங்ஜி இறங்குவேன் என்று அடம்பிடிக்க, வண்டியின் இரு பக்கப் பொத்தான்களையும் அழுத்தி இருக்கையைக் கழற்றினேன். கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டேன். அட, வாடி வா! கழற்றும் இருக்கைச் சட்டம் என் கையிலேயே இருக்கிறது!

மறுநாள் அதே மாதிரிப் பூட்டுள்ள நாய்வண்டி விளம்பரம் ஒன்றை இணையத்தில் பிடித்துவிட்டேன். மனுவை விடப் பழையது. காரில் குழந்தையை வைத்துத் தூக்கும் கூடையின் கைப்பிடியையும் அதோடு சேர்த்துக்கொண்டேன். இரண்டையும் இணைத்தால் அம்மாளின் சட்டம் வந்துவிடும், இது "அத்துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் எளிதில் யோசித்துவிடக்கூடியதே" என்று மறுப்புக் காரணத்தை எழுதி அனுப்பினேன். அந்தச் "சாதாரணத் திறமையுள்ள ஒருவர்" சட்டம் எங்களுக்குக் கொடுத்திருக்கும் வரப்பிரசாதம். அவருக்கு எல்லாம் எளிது.

எங்கள் டீம் லீடர் யோம் அம்மா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "என்னய்யா பியோ, நாயை வச்சுக் குழந்தையத் தோக்கடிச்சிட்டியே!" என்றார். அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு அன்றைக்குக் கல்குக்சு நூடுல்ஸ் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். வெட்கங்கெட்ட பிறவி.

அடுத்த வாரம் போன் வந்தது.

"பரிசோதகர் சாருங்களா? நான் குவாக் மால்-சுன். என் புள்ளைங்க சீட்டுக்கு நாய்வண்டியக் காட்டியிருக்கீங்களே, உங்களுக்கே நல்லாயிருக்கா?"

"முதலாளியம்மா, உள்ள யார் உக்காருறாங்கன்னு சட்டம் பார்க்காது. பூட்டைத்தான் பார்க்கும்."

"சரி, அத விடுங்க. யாரோ சாதாரணத் திறமையுள்ள ஆளுன்னு எழுதியிருக்கீங்களே, அவரு எந்த ஊரு? நான் நேர்ல பாக்கணும்."

"அப்படி ஒரு ஆள் இல்லீங்க. சட்டத்துக்காக நாங்களே மனசுல வச்சுக்கிற ஆளு."

"இல்லாத ஆளா என் வயித்துல அடிக்கிறான்?" குரல் ஏறிவிட்டது. "இதைக் கேளுங்க சார். நான் மனுப் போட்ட பிறகு, ஒரு பெரிய கம்பெனிக்காரன் கடைக்கு வந்து, பல்லக் காட்டிட்டு போட்டோ புடிச்சிட்டுப் போயிருக்கான். நீங்க இல்லைன்னுட்டா அவன் இதையே செஞ்சு ஊரெல்லாம் விப்பான். நான் சோப்புத் தண்ணில கைய விட்டுக்கிட்டு அவன் வண்டியையே கழுவிக்கிட்டு உக்காந்திருக்கணும். அதான் உங்க சட்டமா?"

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நேர்ல வாங்க. உங்க வண்டியக் கொண்டாங்க. எங்க வீட்லயே அதே மாதிரி நாய்வண்டி இருக்கு, நானும் கொண்டாரேன். வச்சுப் பார்த்துருவோம்" என்றேன். புத்தியுள்ள பரிசோதகன் எவனும் இப்படிச் சொல்ல மாட்டான்.

அவர் வருவதாகச் சொன்ன நாள் காலை நாயில்லாத நாய்வண்டியைத் தள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்றதும் என்னைப் பார்த்தார்கள். ஆபீஸ் வாசல் காவலாளி, "சார், ஆளு எறங்கிப் போயிருச்சா?" என்று கேட்டார்.

குவாக் அம்மாள் சின்ன உருவம். மனுக்காரர்களுக்காக வாதாடும் ஏஜென்ட் யாரையும் கூட்டி வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "ஏஜென்ட் வந்தா அவன்தானே பேசுவான், என்னால பேச முடியாதே" என்றார். அவருடைய வண்டியில் ஒரு அரிசி மூட்டை படுத்திருந்தது. குழந்தையை முதுகில் கட்டும் போர்வையைச் சுற்றி, தலைக்குக் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார்.

நான் கதவைச் சாத்தினேன். "மெதுவா சார், இப்பத்தான் தூங்குனான்" என்றார். கூட உட்கார்ந்திருந்த யோம் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இடது கையில் பையும் குடையும் பிடித்தபடி, வலது கையால் கைப்பிடியை நிமிர்த்தித் தூக்கினார். 'டக்'கென்று ஒரே சத்தம். மூட்டை அசையாமல் மேலே வந்தது. தொப்பிகூட நகரவில்லை.

"இப்ப உங்க நாய்வண்டி" என்றார்.

"பூட்டைப் பாருங்க, ரெண்டும் ஒரே ஜாதி" என்று ஆரம்பித்தேன். சட்டம் நன்றாகத் தெரியட்டும் என்று வலையை அவிழ்த்து, மெத்தையையும் எடுத்துக் கீழே போட்டேன். மூன்று வருஷத்தில் அந்த மெத்தையை நான் எடுத்ததே இல்லை. துவைப்பதும் போடுவதும் ஹே-ரான் வேலை.

"இது நாய்களுக்காகவே செய்யப்பட்ட..." என்று சொல்லும்போதே பேச்சு நின்றுவிட்டது.

முதுகுத் துணியில் வரிசையாக நீளத் துளைகள் இருந்தன. கீழே ஒரு ஜோடி, மேலே ஒரு ஜோடி. குழந்தை வளர வளரத் தோள்பட்டையை ஏற்றி மாட்டுவதற்கு. நடுவில் கால்களுக்கிடையே வரும் பட்டைக்கு இன்னொரு துளை. மனுக்களில் இந்தப் படத்தைப் பன்னிரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். நாய்க்குத் தோள் ஏது? பட்டைகளைக் கத்தரித்திருந்தார்கள். கத்தரித்த முனை பிரியாமலிருக்கத் தீக்குச்சியால் கருக்கியிருந்தது. ரிப்பன் வெட்டினாலும் முனையைக் கருக்கி வைக்கிறவள் ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும்.

ஏழு வருஷம் முன்னால் எங்களுக்கு ஐந்தாம் மாதத்தில் ஒரு குழந்தை தவறிப்போனது. அதற்குச் சில வாரம் முன்புதான் ஹே-ரான் தன் அக்காவோடு குழந்தைப் பொருள் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தாள். "சும்மா சுத்திப் பாத்தோம், காலு வலிக்குது" என்றாள். நானும் சரி என்றேன்.

"என்னாச்சு சார்? முகம் வெளுத்துப் போச்சே" என்றார் குவாக் அம்மாள்.

"இது நாய்வண்டி இல்லீங்க. குழந்தை வண்டி. எங்களோடது."

அவர் கிட்டே வந்து கருகிய முனையைத் தொட்டுப் பார்த்தார். "எங்க கடைக்கும் இந்த மாதிரி வரும் சார். ஒரு தடவகூட ஓட்டாத புது வண்டி. வேற யாருக்காச்சும் குடுக்கணும், துடைச்சுக் குடுங்கன்னுவாங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன், துடைச்சுக் குடுத்துருவேன்" என்றார். பிறகு யோம் அம்மாவைப் பார்த்து மெல்ல, "இது கொழந்த வண்டின்னா எனக்கு நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார்.

"கெட்டதுங்க" என்றார் யோம் அம்மா. "நாய்வண்டின்னா அது வேற துறைன்னு நீங்க சண்ட போடலாம். குழந்தை வண்டின்னா அதுக்கும் வழியில்ல. என்னய்யா பியோ, மறுப்பு மறுப்புதானே?"

"இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. "அந்தச் சாதாரணத் திறமையுள்ள ஆளை இன்னிக்குத்தான் நேர்ல பார்த்தேன். பன்னெண்டு வருஷமா தள்ளுவண்டி தவிர வேற எதையும் பார்க்காத மடையன். இந்த வண்டிய மூணு வருஷமா தினம் தள்ளுறான். இது என்ன வண்டின்னே அவனுக்குத் தெரியல. இவனா இதைப் பார்த்து அந்தம்மா சட்டத்த எளிதா யோசிச்சிருப்பான்?"

யோம் அம்மா என் கையை அழுத்தினார். "புரியுதுய்யா. ஆனா இதை எழுதினா மேல இருக்கிறவங்க உன்னையத்தான் பரிசோதனைக்கு அனுப்புவாங்க. சட்டப்படி ஒரு காரணம் குடு."

அரிசி மூட்டையைத் தூக்கி எங்கள் வண்டியில் வைத்தேன். ஆபீசில் மாதிரிக்கு வைத்திருந்த கார்க் கூடையின் கைப்பிடி ஒன்றை எடுத்து இரு பக்கமும் கட்டினேன். நான் எழுதிய அதே இணைப்பு. ஒற்றைக் கையால் கைப்பிடியைப் பிடித்து, விரலை நீட்டிப் பொத்தானை அழுத்தினேன். ஒரு பக்கம் திறந்தது, மறுபக்கம் மாட்டிக்கொண்டது. இருக்கை சாய்ந்து, மூட்டை தலைகுப்புறத் தரையில் விழுந்து பிளந்தது. "ஐயோ, எம் புள்ள!" என்று குவாக் அம்மாள் அலறியதில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

"இதோ காரணம்" என்றேன், முழங்கால்வரை அரிசியோடு. "ரெண்டையும் சேர்த்தா இது வராது. அம்மாவோட சட்டத்துல கைப்பிடி நிமிராம பூட்டு அசையாது, அசைஞ்சா ரெண்டும் ஒண்ணா அசையும். அது எந்த வண்டியிலயும் இல்ல. உரிமைக் கோரிக்கையில அதை மட்டும் இறுக்கமா எழுதிக் குடுக்கச் சொல்றேன். காப்புரிமைய நான் கொடுத்துர்றேன்."

"நிஜமாவா?" என்றார் குவாக் அம்மாள். நிஜம்தான் என்று யோம் அம்மா தலையாட்டியதும் அரிசி மேலேயே உட்கார்ந்து அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தொப்பியில் அரிசியை அள்ள ஆரம்பித்தார். மூன்று பேரும் மேஜைக்கடியில் தவழ்ந்து பொறுக்கினோம்.

வீட்டுக்கு வந்தபோது ஹே-ரான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். நுருங்ஜி வண்டியைக் கண்டதும் வாலை ஆட்டினான்.

"வண்டிய எதுக்குங்க ஆபீசுக்குக் கொண்டு போனீங்க? புள்ள காலைலேருந்து தேடுறான்."

"பரிசோதிக்க." செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். "ஏம்மா, இது நாய்வண்டி இல்லையே."

கத்தி நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அடேங்கப்பா" என்றாள். "நான் மனுப் போட்டு ஏழு வருஷம் ஆச்சு. இப்பத்தான் ஃபைலை எடுத்தீங்களா?"

தாமதம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஆபீசில் எங்களிடம் ஒரு வாசகம் தயாராக இருக்கும்: வரிசைப்படி பரிசீலித்து வருகிறோம். பாழாய்ப்போன அந்த வாசகம் என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது.

"எந்தக் கடையில வாங்கின? யாரு எடுத்துக் குடுத்தா? முதல்லேருந்து சொல்லு" என்றேன்.

ஹே-ரான் முள்ளங்கித் தட்டைத் தள்ளிவைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, கண்காட்சிக்குப் போன அந்தக் காலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நுருங்ஜி உலாவுக்கு நேரமாச்சு என்று குரைத்துப் பார்த்தான். நாங்கள் எழுந்திருக்கவில்லை.